ஓர் இராணியின் பெயரும் ஒரு காட்டுக் கொடியும்

நாடுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரையும் போரையும் உடன்படிக்கையையும் நிரல்படக் கூறுவது வழக்கம். ஒரு நிலத்தின் வரலாற்றை அந்நிலத்தில் வாழும் ஒரு சிற்றுயிரை முன்னிறுத்தியும் கூறலாம். அவ்வாறு கூறத்தக்க நிலங்களுள் ஒன்று பசுபிக் கடலின் தென்மேற்குப் பகுதியில் உள்ள நியூகினித் தீவிலே இருக்கின்றது. அத்தீவின் தென்கிழக்கில், இன்று ஓரோ மாகாணம் எனப்படும் பகுதியில், பொப்பொன்டெற்றா என்ற ஊரைச் சூழ்ந்து ஒரு சமவெளி பரந்து கிடக்கின்றது. உலகத்து வண்ணத்துப்பூச்சிகள் யாவற்றினும் பெரியது அச்சமவெளியிலும் அதனை அடுத்த மேட்டு நிலத்திலுமே வாழ்கின்றது. வேறு எந்த நாட்டுக் காட்டிலும் அதனைக் காணல் இயலாது.

சென்ற நூற்றிருபது ஆண்டுகளுள் அச்சமவெளி கண்டவை பல. பூச்சி சேகரிப்போனின் துப்பாக்கி ஒலித்தது. இரண்டாம் உலகப் போரின் பீரங்கிகள் முழங்கின. எரிமலை ஒன்று வெடித்தது. பெருந்தோட்டங்கள் எழுந்தன. இறுதியில் உலக நாடுகளின் சட்டமும் வந்து காவல் நின்றது. இவை அனைத்தையும் கடந்து அவ்வண்ணத்துப்பூச்சி இன்றும் உயிரோடிருக்கின்றது. ஆயினும் அதன் தொகை குறைந்துவிட்டது. அதன் இருப்பிடமோ சிதறிய சிறு காட்டுத் துண்டுகளாய்ச் சுருங்கிவிட்டது. மேற்கூறியவற்றுள் எது அதற்குப் பெருங்கேடு விளைத்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

கிறீன்லாந்துக்கு அடுத்தபடியாக உலகிற் பெரிய தீவு நியூகினி. இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் அதனை மூன்றாகப் பங்கிட்டு வைத்திருந்தன. மேற்குப் பாதி ஒல்லாந்தர் வசம் இருந்தது. வடகிழக்கை யேர்மனியர் ஆண்டனர். பிரித்தானியர் வசமிருந்த தென்கிழக்குப் பகுதி 1906 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்கு மாறிப் பப்புவா என்ற பெயரைப் பெற்றது. பங்கிட்டுக்கொண்ட தேசப்படத்திலே கடற்கரை தெளிவாக வரையப்பட்டிருந்தது. உள்நாட்டின் பெரும்பகுதியோ வெற்றிடமாகவே கிடந்தது. அந்த வெற்றிடம் பங்கிட்டவர்களின் கண்ணுக்கு மட்டுமே வெற்றிடம். பொப்பொன்டெற்றாச் சமவெளியில் ஒரொக்கைவா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழங்கும் வாழையும் பயிரிட்டு வாழ்ந்து வந்தனர். காட்டின் ஒவ்வொரு மரத்துக்கும் கொடிக்கும் அவர்களிடத்தில் பெயர் இருந்தது.

இங்கிலாந்திலே அக்காலத்தில் இயற்கைப் பொருள்களைச் சேகரிப்பது செல்வர்களின் பெருவிருப்பமாக விளங்கியது. அவ்விருப்பத்தில் தமக்கு நிகரில்லாதவராய் இருந்தவர் வால்டர் ரொத்சைல்ட். புகழ்பெற்ற வங்கிக் குடும்பத்திலே 1868 இல் பிறந்த அவருக்கு வங்கித் தொழிலில் நாட்டம் செல்லவில்லை. இலண்டனுக்கு வடமேற்கே திறிங் என்னும் ஊரிலே தமக்கென ஒரு நூதனசாலையை அமைத்து, 1892 இல் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். வரிக்குதிரைகளை வண்டியிற் பூட்டி இலண்டன் வீதியிலே செலுத்தியவர் அவர் என்பது பலரும் அறிந்த செய்தி. உலகின் நாற்றிசைக்கும் கூலி கொடுத்துச் சேகரிப்போரை அனுப்பினார். அவர்கள் அனுப்பிய பறவைகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்து வகைப்படுத்த, கார்ல் யோர்தான் முதலிய அறிஞரை அமர்த்திக்கொண்டார். 1937 இல் அவர் மறைந்தபோது பிரித்தானிய நூதனசாலைக்கு விட்டுச்சென்ற வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை.

ரொத்சைல்டுக்காக நியூகினிக் காடுகளிலும் அண்டைத் தீவுகளிலும் அலைந்து திரிந்தவருள் முதன்மையானவர் அல்பேட் ஸ்ரூவேட் மீக் என்னும் ஆங்கிலேயர். காய்ச்சலும் கடுமழையும் பாராது பல ஆண்டுகள் அவர் அத்தொழிலைச் செய்தார். 1906 ஆம் ஆண்டில் ஓவன் ஸ்ரான்லி மலைத்தொடரின் வடபுறத்தே தங்கியிருந்த காலத்தில், மரங்களின் உச்சியிலே பறவை போலப் பறந்து சென்ற ஒரு வண்ணத்துப்பூச்சி அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வலை எட்டாத உயரத்திலே பறந்த அதனைச் சிறிய துப்பாக்கி கொண்டு, மிக நுண்ணிய குண்டுகளாற் சுட்டே வீழ்த்த வேண்டியிருந்தது. வண்ணத்துப்பூச்சியைச் சுடுவதா என்று இன்று கேட்போர் வியப்பர். அத்துணைப் பெரிதாகவும் அத்துணை உயரத்திலும் அது பறந்தது என்பதற்கு அச்செயலே சான்று.

வீழ்ந்தது ஒரு பெண் பூச்சி. அது திறிங் நூதனசாலையை அடைந்தது. 1907 இல் ரொத்சைல்ட் அதனை அறிவுலகுக்குப் புதியதோர் இனமாக அறிவித்து, ஏழாம் எட்வேட் மன்னரின் தேவியான அலெக்சாந்திரா இராணியின் பெயரைச் சூட்டினார். இத்தகைய பெயரீடு அக்காலத்து வழக்கமே. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1855 இல், சொலமன் தீவுகளில் யோன் மக்கிலிவ்ரே என்பவர் இதே கிளையைச் சேர்ந்த மற்றொரு பெரும் பூச்சியைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தினார். அது விக்டோரியா மகாராணியின் பெயரைப் பெற்றது. இவ்வாறு மாமியார் பெயரும் மருமகள் பெயரும் தாம் என்றுமே மிதித்தறியாத காடுகளின் பூச்சிகளோடு சேர்ந்து நிலைத்துவிட்டன.

மீக் முதலிற் பெற்ற பெண் பூச்சி கபிலநிறச் சிறகில் வெளிறிய புள்ளிகள் உடையது. ஆண் பூச்சியோ முற்றிலும் வேறு தோற்றத்தது. கரிய நிலத்தில் நீலமும் பச்சையும் ஒளிரும் பட்டைகளும் பொன்மஞ்சள் வயிறும் அதற்கு உண்டு. அதன் சிறகுகள் ஒடுங்கி நீண்டவை. ஆண் பூச்சி சிறகை விரித்தால் ஏழு அல்லது எட்டு அங்குலம் இருக்கும். பெண் பூச்சியின் விரிசிறகு பத்து அங்குலத்தையும் கடக்கும். உடல் மட்டும் மூன்று அங்குல நீளம். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே குலத்தவை என்று சொல்ல எவருக்கும் மனம் ஒருப்படாது.

மீக் துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. உச்சியிற் பறக்கும் பூச்சியைத் துரத்துவதிற் பயனில்லை என்றும் அதன் புழுவையும் கூட்டையும் தேடுவதே தக்க வழி என்றும் அவர் உணர்ந்தார். புழு உண்ணும் கொடியைக் கண்டுபிடித்தால் புழு கிடைக்கும். புழு கிடைத்தால் அதனை வளர்த்துச் சிறகு கிழியாத முழுப் பூச்சியைப் பெறலாம். இம்முறையாலேயே அவர் தொடக்கத்தில் அனுப்பிய பூச்சிகளுட் பெரும்பாலானவை கிடைத்தன. இச்செய்தி சிறிதாகத் தோன்றினும் இவ்வரலாற்றின் திறவுகோல் இதிலேதான் உள்ளது. வண்ணத்துப்பூச்சி எங்கே என்று கேட்பவன் முதலிற் கேட்கவேண்டியது கொடி எங்கே என்பதே.

வண்ணத்துப்பூச்சிகளுள் ஒரு பெருங்குடும்பம் உண்டு. அக்குடும்பத்துப் பூச்சிகள் பலவற்றின் பின்சிறகில் வால்போன்ற நீட்சி காணப்படுவதால், மேனாட்டார் அவற்றைத் தகைவிலான் குருவியின் வாலோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். அக்குடும்பத்தில், வால் இல்லாது பறவைபோற் பரந்த சிறகுடைய ஒரு கிளை உண்டு. அவற்றைப் பறவைச்சிறகிகள் எனலாம். இந்தியா முதல் வட அவுஸ்திரேலியா வரையுள்ள நாடுகளிலும் தீவுகளிலும் அக்கிளை பரந்துள்ளது. இலங்கைத் தீவிற்கு மட்டுமே உரிய ஒன்றும் அதிற் சேரும். கருஞ்சிறகும் பொன்மஞ்சட் பின்சிறகும் கொண்டு மழைக்காட்டு ஓரங்களில் அமைதியாய் மிதந்து செல்லும் அப்பூச்சி 1999 இல் இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. நாட்டு வைத்தியர் நன்கறிந்த ஈசுரமூலிக் கொடியின் இலையே அதன் புழுவுக்கு உணவு. நியூகினியின் பெரும்பூச்சிக்கும் ஈசுரமூலியின் குலத்தைச் சேர்ந்த காட்டுக் கொடியே உணவாகும். கடல் பல கடந்தும் உறவு இலையிலே தெரிகின்றது.

அக்கொடி நச்சுத்தன்மை உடையது. ஆடு மாடும் பிற பூச்சிகளும் அதனை நாடுவது அரிது. பறவைச்சிறகியின் புழுவோ அந்த நஞ்சையே உண்டு, அதனைத் தன் உடலிலே சேர்த்து வைத்துக்கொள்கின்றது. கரிய உடலும் சிவந்த முட்போன்ற புடைப்புகளும் நடுவிலே வெளிறிய ஒரு பட்டையும் உடைய அப்புழுவைக் கண்ட பறவை, இது உண்ணத் தகாதது என்று விலகிச் செல்லும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு முதலில் தன் முட்டையோட்டைத் தின்று, பின்னர் இளந்தளிரைத் தின்னத் தொடங்கும். முட்டை முழுப் பூச்சியாக ஏறத்தாழ நான்கு திங்கள் செல்லும். முழுப் பூச்சி மேலும் மூன்று திங்கள்வரை வாழக்கூடும். வண்ணத்துப்பூச்சிகளின் வாழ்நாள் அளவை நோக்க இது நீண்ட காலமே.

நஞ்சுண்டு வாழும் இவ்வாற்றல் பூச்சிக்குக் கவசமாயிற்று. அதுவே அதற்கு விலங்கும் ஆயிற்று. தாய்ப்பூச்சி அக்கொடியின் இலையைத் தவிர வேறு எதிலும் முட்டை இடாது. புழு வேறு இலை தின்று பிழைக்காது. கொடியோ பெருமரத்தைப் பற்றி வெயிலை நோக்கி உச்சிக்கு ஏறுவது. ஆகவே மரமின்றிக் கொடியில்லை, கொடியின்றிப் புழுவில்லை. இப்பிணைப்பை மனத்திற் கொண்டால் பின்னர் நடந்தவை யாவும் தெளிவாகும்.

மீக்குக்குப் பின்னும் சேகரிப்போர் சிலர் வந்தனர். செல்வர்களின் பேழைகளிலே இப்பூச்சிகள் ஊசியிற் குத்தப்பட்டு அழகு செய்தன. அவர்கள் கொண்டுசென்ற பூச்சிகளாற் காட்டின் தொகை அழிந்துவிடவில்லை. முழுப் பூச்சி பெரும்பாலும் மரவுச்சியிலேயே திரிந்தது. காலையிலும் அந்திப்பொழுதிலும் பூந்தேன் நாடித் தாழ்வாக வருவதே உண்டு. ஆதலால் அகப்பட்டவை சிலவே. காடு நிறைந்து கொடியும் நிறைந்திருந்த காலத்தில் போனவற்றின் இடத்தைப் புதியவை நிரப்பின. துப்பாக்கி செய்த கேடு பெயரளவிற் பெரிதாயினும் விளைவிற் சிறியதே.

அடுத்து வந்தது போர். 1942 ஆம் ஆண்டு யூலை 21 இல் யப்பானியப் படைகள் கோனா, பூனா என்ற கடற்கரை இடங்களில் இறங்கின. அங்கிருந்து கொக்கோடா வழியே மலைத்தொடரைக் கடந்து தென்கரைத் துறைமுகமான மோஸ்பித் துறைமுகத்தைப் பிடிப்பது அவர்கள் எண்ணம். அவுஸ்திரேலியப் படைகள் மலைப்பாதையிலே அவர்களைத் தடுத்து, பின்னர் அமெரிக்கப் படைகளோடு சேர்ந்து கடற்கரை நோக்கித் தள்ளின. 1942 நொவெம்பர் தொடங்கி 1943 சனவரி முடிய பூனாவிலும் கோனாவிலும் சனானந்தாவிலும் நடந்த சண்டை மிகக் கொடியது. குண்டினால் மட்டுமன்றிக் காய்ச்சலாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சமவெளியிலே காட்டை வெட்டி விமானத் தளங்கள் அமைக்கப்பட்டன. பப்புவா மக்கள் சுமை தூக்கியும் காயம்பட்டோரைக் காவியும் தம்முடையதல்லாத போரிலே துன்புற்றனர். எனினும் போர் ஓய்ந்தபின் படைகள் சென்றன. வெட்டிய இடங்கள் பலவற்றில் மீண்டும் செடி முளைத்தது.

போரின் வடு ஆறுமுன்னரே மற்றொரு பேரிடி விழுந்தது. பொப்பொன்டெற்றாவுக்குத் தெற்கே காடு போர்த்து நிற்பது லாமிங்டன் மலை. அது எரிமலை என்பதை ஆட்சியாளர் எவரும் அறிந்திலர். அதன் சாரலிலே கிராமங்கள் நெருங்கி இருந்தன. அரசாங்கக் காரியாலயம் ஒன்றும் ஹிகற்றூரு என்ற இடத்திலே இருந்தது. 1951 சனவரி நடுப்பகுதியில் நிலம் நடுங்கியது, மலைச்சரிவுகள் பெயர்ந்தன, புகை எழுந்தது. சனவரி 21 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மலை வெடித்தது. கனன்ற சாம்பலும் வாயுவும் மேகமாய்த் திரண்டு சாரல் வழியே பாய்ந்து எதிர்ப்பட்டவற்றை எல்லாம் எரித்துச் சென்றன. ஏறத்தாழ 3,000 மக்கள் சில நிமிடங்களில் மடிந்தனர். ஹிகற்றூருவும் அழிந்தது. மாவட்டத்தின் தலைமையிடம் பின்னர் பொப்பொன்டெற்றாவுக்கு மாறியது. ஆபத்து நீங்குமுன்னரே மலைமீது பலமுறை ஏறி ஆராய்ந்து மக்களுக்கு எச்சரிக்கை செய்த ரோனி ரெய்லர் என்ற எரிமலை ஆராய்ச்சியாளருக்குப் பிரித்தானிய அரசு ஜோர்ஜ் சிலுவை விருது அளித்தது.

மனித உயிர்கள் இத்துணை அழிந்தவிடத்து ஒரு பூச்சியின் இழப்பைப் பேசுவது முறையோ என்று தோன்றலாம். ஆயினும் அவ்வெடிப்பினால் அப்பூச்சி வாழ்ந்த காட்டில் ஏறத்தாழ 100 சதுர மைல் பரப்பு ஒரே நாளில் அழிந்தது என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. மிகச் சிறிய நிலத்திலேயே வாழும் ஓர் உயிருக்கு இது பேரிழப்பு. எனினும் எரிமலையின் குணம் விந்தையானது. அது எரித்த நிலத்துக்குச் சாம்பலையே எருவாக இட்டுச் செல்கின்றது. அச்சமவெளியின் மண் வளத்துக்கே பண்டை எரிமலைச் சாம்பல்தான் காரணம். அவ்வளம் காட்டை வளர்த்தது, காட்டிலே கொடியை வளர்த்தது. எரிமலை அழித்த காட்டைக் காலம் மெல்ல மெல்ல மீட்டுத் தரும்.

காலம் மீட்டுத் தராத அழிவு ஓசையின்றி வந்தது. காட்டை வளர்த்த அதே மண்வளம் தோட்டம் அமைப்போரையும் அழைத்தது. இறப்பர், கோப்பி, கொக்கோ முதலிய பயிர்கள் முன்னரே சிற்சில இடங்களில் நடப்பட்டிருந்தன. பப்புவா நியூகினி 1975 செப்ரெம்பர் 16 இல் சுதந்திரம் பெற்றது. அதற்கடுத்த ஆண்டில், ஹிகற்றூருவின் பெயரைத் தாங்கிய எண்ணெய்ப்பனைத் திட்டம் பொப்பொன்டெற்றாச் சமவெளியிலே தொடங்கியது. இலங்கையிலே முள்ளுத்தேங்காய் என வழங்குவது இப்பனையே. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த இது மழையும் வெப்பமும் மிகுந்த தாழ்நிலத்தில் செழித்து வளரும். நட்ட மூன்றாம் ஆண்டளவிற் காய்க்கத் தொடங்கும். கம்பெனித் தோட்டத்தோடு சிறு காணிக்காரரும் தத்தம் நிலத்தில் அதனை நட்டனர்.

அவர்களைக் குறைகூறுதல் எளிது. ஆனால் அது நேர்மையாகாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் மருந்து வாங்கவும் கூரைக்குத் தகரம் வாங்கவும் காசு வேண்டும். நின்ற காடு காசு தரவில்லை. நட்ட பனை தந்தது. மரம் வாங்கும் வணிகரும் வந்தனர். நாட்டின் நிலத்திற் பெரும்பகுதி இன்றும் மரபுவழி உரிமையாகக் கிராமத்தாரிடமே இருப்பதால் காடு நிற்பதும் வீழ்வதும் அவர்கள் சொல்லிலேயே தங்கியுள்ளன. இவ்வாறு ஆண்டுக்காண்டு காடு குறைந்தது. பனைத்தோப்பு பசுமையாகத் தோன்றினும் அங்கே கொடி ஏறும் பெருமரம் இல்லை. கொடி இல்லாத பசுமை அப்பூச்சிக்குப் பாலைவனமே.

பூச்சியைக் காக்கச் சட்டமும் செய்யப்பட்டது. 1960 களின் பிற்பகுதியிலேயே பப்புவாவின் அவுஸ்திரேலிய ஆட்சியினர் அரிய பறவைச்சிறகிகளைப் பிடித்தலையும் விற்றலையும் தடைசெய்தனர். 1973 இல் வாஷிங்ரன் நகரிலே, அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை உருவாகி, 1975 இல் நடைமுறைக்கு வந்தது. 1987 இல் இப்பூச்சி அவ்வுடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றது. யானைக்கும் புலிக்கும் உரிய கடுங்காவல் ஒரு பூச்சிக்கும் கிடைத்தது. அதனைப் பிடித்து நாடுவிட்டு நாடு கொண்டுசென்று விற்பது குற்றமாயிற்று.

சட்டம் வந்தபின் இரண்டு விளைவுகள் தோன்றின. கள்ளச்சந்தையில் விலை ஏறியது முதலாவது. அரியது என்று சட்டமே முத்திரை குத்தியபின் பேராசை கொண்டோர் அதனை மேலும் விரும்பினர். அமெரிக்காவிலே கடத்தற்காரர் ஒருவர் இப்பூச்சியின் ஒரு சோடியை 8,500 டொலருக்கு விற்று, மாறுவேடத்தில் வந்த அரசாங்க அதிகாரியிடமே அகப்பட்டு, 2007 இல் 21 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அது நிகழ்ந்தது காட்டிலிருந்து பல்லாயிரம் மைலுக்கு அப்பால். இரண்டாம் விளைவு காட்டிலேயே நிகழ்ந்தது. பூச்சியினாற் கிராமத்தாருக்கு நேர்மையான வருவாய் எதுவும் வர வழியில்லாது போயிற்று. பூச்சியைப் பிடித்தல் குற்றம். அது வாழும் மரத்தை வெட்டிப் பனை நடுதலோ குற்றமன்று. பூச்சியைக் காத்த சட்டம் கொடியைக் காக்கவில்லை.

இம்முரண்பாட்டுக்கு மாற்று ஒன்று அதே நாட்டிலே முன்னரே முளைத்திருந்தது. 1978 இல் மொறோபே மாகாணத்து புலோலோ என்ற ஊரிலே பூச்சி வளர்ப்புக்கும் விற்பனைக்குமான நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. அருகிப்போகாத பிற பறவைச்சிறகிகளைக் கிராமத்தார் வளர்த்து, அந்நிலையத்தின் மூலம் வெளிநாட்டுச் சேகரிப்போருக்கும் நூதனசாலைகளுக்கும் விற்க வழி பிறந்தது. முறை மிக எளிது. தோட்டத்து ஓரத்திலே கொடியை நடுவர். பூந்தேன் தரும் செடிகளையும் சுற்றி வைப்பர். காட்டிலிருந்து தாய்ப்பூச்சி தானாக வந்து முட்டையிடும். புழு வளர்ந்து கூடுகட்டியபின் கூடுகளுட் சிலவற்றை எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றைக் காட்டுக்கே விடுவர். வேலியும் கூண்டும் வேண்டா. அண்டையில் காடு இருத்தல் வேண்டும், அவ்வளவே. காடு அழிந்தால் தாய்ப்பூச்சி வராது என்பதை வளர்ப்போரே கண்கூடாக அறிந்தனர். மீக் தம் எசமானனுக்காகக் கையாண்ட முறை, இங்கே காட்டுக்கு உரியவரின் கைத்தொழிலாக மாறியது.

அலெக்சாந்திரா இராணியின் பெயர் பூண்ட பூச்சிக்கும் இவ்வழியைத் திறந்துவிடலாமா என்பது அறிஞரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் விவாதம். திறந்தால் வளர்த்ததென்று சொல்லிக் காட்டுப் பூச்சியை விற்போர் பெருகுவர் என்பது ஒரு சாரார் அச்சம். அடைத்தே வைத்தால் காட்டை வைத்திருக்கக் கிராமத்தாருக்குக் காரணம் இராது என்பது மற்றொரு சாரார் வாதம். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. அப்பூச்சியின் தொகை மிகக் குறைந்துவிட்ட இக்காலத்தில் முதற் சாராரின் அச்சத்தைப் புறக்கணித்தல் இயலாது. ஆனால் இரண்டாம் சாரார் சுட்டும் உண்மையை மறந்த எக்காவலும் நிலைக்காது. காட்டுக்கு உரியவன் காட்டினால் வாழமுடியாதபோது காடு வாழ்வதில்லை.

அண்மைக்காலத்திற் சில நல்ல அறிகுறிகள் தோன்றியுள்ளன. பொப்பொன்டெற்றாச் சமவெளிக்கு அப்பால் உயர்ந்து நிற்பது மனகலாஸ் மேட்டுநிலம். அங்கும் இப்பூச்சி வாழ்கின்றது. அம்மேட்டுநிலத்துக் கிராமத்தார் 1980 களிலேயே தம் காட்டைத் தாமே காப்பதென்று முயற்சி தொடங்கினர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்கத்தின் வாயிலைத் தட்டி, இறுதியில் 2017 இல் அப்பகுதியைப் பாதுகாப்பு நிலமாக அறிவிக்கச் செய்தனர். நாட்டிலேயே மிகப் பெரிய பாதுகாப்பு நிலமாக அது அமைந்தது. சமவெளியிலும் எண்ணெய்ப்பனைக் கம்பெனியோடு வண்ணத்துப்பூச்சி ஆர்வலர் கைகோத்து, இப்பூச்சியை வளர்ப்பதற்கென ஒரு கூடம் அமைத்தனர். தோட்டங்களிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் மீண்டும் கொடியை நட்டு, வளர்த்த பூச்சிகளை அங்கு விடுவது அம்முயற்சியின் நோக்கம். காட்டை விழுங்கிய தொழிலே கொடியை நட முன்வந்தது காலத்தின் கோலம். அதன் பயன் இனிமேல்தான் தெரியவரும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இப்போது தெளிவாகும். துப்பாக்கி வீழ்த்தியது சில பூச்சிகளை. போர் அழித்தது சில காலம். எரிமலை எரித்தது ஒரு பகுதியை. இவை மூன்றும் பேரோசையோடு வந்தவை, அதனால் நூல்களில் இடம்பெற்றவை. பெருங்கேடு செய்தது கோடரியும் அதன்பின் வந்த நாற்றுமேடையுமே. அவற்றுக்குத் தேதியில்லை. அழிந்த ஒவ்வொரு கொடிக்கும் கல்வெட்டு இல்லை. ஒரு காணி, பின் இன்னொரு காணி என்று, ஒவ்வொருவருக்கும் நியாயமாகத் தோன்றிய காரணத்தினால், அந்த அழிவு நடந்து முடிந்தது.

ரொத்சைல்ட் பெற்ற முதற் பெண் பூச்சி இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பாதுகாக்கப்பட்டு வருகின்றது. பேழைக்குள் இருப்பது உலர்ந்த சிறகு மட்டுமே. உயிருள்ள சிறகு வேண்டுமாயின் பெருமரம் வேண்டும், மரத்தைப் பற்றி ஏறும் கொடி வேண்டும், அக்கொடியை வெட்டாது விட்டுவைக்கும் மனமும் அவ்வாறு விட்டுவைப்போருக்கு ஒரு வாழ்வும் வேண்டும். நியூகினிச் சமவெளிக்கு உண்மையான இது, ஈசுரமூலி படரும் இலங்கைக் காட்டோரத்துக்கும் உண்மையே. இராணியின் பெயர் நூலிலே நிலைக்கும். பூச்சி நிலைப்பது கொடியிலே.